கியாராக் குன்றின் பால் மரங்கள்

கோலாலம்பூரில் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பை அடுத்து எழுந்து நிற்பது புக்கிட் கியாரா. அதன் அடிவாரத்தில் ஏறத்தாழ 25 ஏக்கர் பரப்பில் அமைந்தது தாமான் ரிம்பா கியாரா என்னும் பொதுப் பூங்கா. காலைப் பொழுதில் நடப்போரும் ஓடுவோரும், பேரப் பிள்ளைகளைக் கைப்பிடித்து வரும் முதியோரும் அங்கே கூடுவர். குன்றின் ஒற்றையடிப் பாதைகளிலோ மிதிவண்டிக்காரர்கள் வளைந்து நெளிந்து ஏறுவர்.

அப்பாதைகள் தாமாகத் தோன்றியவை அல்ல. நம் நாட்டு மழைக்கு மண்பாதை ஒரு பருவம் தாங்குவதே அரிது. நீர் வடிய வழி வெட்டி, விழுந்த மரத்தை அறுத்தகற்றி, சரிவில் மண் அணைத்து அவற்றைப் பேணியவர்கள் கூலி பெறாத தொண்டர்கள். 'புக்கிட் கியாராவின் நண்பர்கள்' என்னும் குழுவினர் காட்டு மரக்கன்றுகளை நட்டு வளர்த்தனர். மேடைகளில் முழங்கும் கோத்தோங் ரோயோங் இங்கே மண்வெட்டிப் பிடியில் குடியிருக்கிறது எனலாம்.

எனினும், அக்குன்றில் நிழல் தருவன யாவும் அவர்கள் நட்டவை அல்ல. பால் மரங்களும் அங்கே உண்டு. காய் முற்றி வெடிக்கும் காலத்தில் 'படீர்' என்னும் ஒலியோடு விதைகள் சிதறும். ஓட வந்தவர் திடுக்கிட்டு நிமிர்வார். தோட்டத்தில் வளர்ந்தவரோ குனிந்து பொறுக்குவார். அவ்விதைகளே அவர் இளமையின் கோலிக்குண்டுகள்!

ஆம், அக்குன்று முன்னாளில் ஒரு ரப்பர்த் தோட்டம். விடியுமுன் பிரட்டுக்கு நின்று, வாளியும் உளியுமாக நிரை பிடித்தவர்களின் உலகம் அது. அரசு நிலத்தை எடுத்துக்கொண்டபின், 1980களின் தொடக்கத்தில் தொழிலாளர் குடும்பங்கள் அடிவாரத்து நீள வீடுகளுக்கு மாற்றப்பட்டன. நிலையான வீடு பின்னர் வரும் என்பது அவர்களுக்கு அளிக்கப்பட்ட வாக்கு.

2017ஆம் ஆண்டு, பூங்காவின் 12 ஏக்கரில் வானளாவிய அடுக்குமாடிகள் எழுப்ப அனுமதி வழங்கப்பட்டது. நீள வீட்டாருக்கான வீடுகளும் அத்திட்டத்துக்குள்ளேயே பொதிந்து வைக்கப்பட்டிருந்தன. விளைவு யாது? மரம் காக்க எழுந்தவர், ஏழையின் கூரைக்குத் தடையாய் நிற்பவர்போல் தோன்றினர்; கூரை கேட்டவர், பசுமைக்குப் பகைவர்போல் தோன்றினர். இருவருமே அப்பழிக்கு உரியவரல்லர். இரண்டு நியாயமான தேவைகளை ஒரே கயிற்றில் கட்டியதே பிழை.

அக்கம்பக்கத்துக் குடியிருப்பாளர் வழக்காடினர். 2021 சனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வனுமதியை நீக்கியது. 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. பூங்கா தப்பியது. ஓடுவோர் மறுநாளும் ஓடினர். நாற்பது ஆண்டுகளுக்கு முன் தற்காலிகம் என்று சொல்லிக் கொடுத்த அந்த நீள வீடுகளில், மரம் சீவியவர்களின் பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் அன்றும் விளக்கேற்றினர்.