வீட்டிலேயே இருந்த சாவி

சென்ற மாதம் என் விரலியைப் பேருந்தில் தொலைத்துவிட்டேன். தாத்தாவின் மருத்துவ அறிக்கைகள் அதில் இருந்தன. பதற்றத்துடன் அண்ணனிடம் கூறினேன்.

“பயப்படாதே, தம்பி. அவற்றை மறையாக்கம் செய்துதான் உன்னிடம் கொடுத்தேன். எடுத்தவர் யாரும் படிக்க முடியாது,” என்றார் அண்ணன்.

பிறகு, வீட்டுக் கணினியில் இருந்த அதே கோப்பின் படியைக் காட்டினார். ‘கிளெவிஸ்’ என்னும் நிரலுக்கு ஒரே வரியில் கட்டளையைத் தட்டினார். அது கடவுச்சொல் கேட்கவில்லை. கோப்பு உடனே திறந்தது!

“நம் வீட்டுச் சிறிய கணினியில் ‘டேங்’ என்னும் சாவிச் சேவையகம் இயங்குகிறது. அதனுடன் தொடர்பு கிடைத்தால்தான் கோப்பு திறக்கும். வெளியாள் அதனை அணுக முடியாது. கோப்பின் சாவியை அந்தச் சேவையகம்கூடப் பார்ப்பதில்லை,” என்று விளக்கினார்.

“சேவையகம் பழுதானால்?”

“அதன் சாவிகளை இழந்தால் நாமும் திறக்க முடியாது. அதனால்தான் அவற்றுக்குப் படியெடுத்துப் பத்திரப்படுத்தியுள்ளேன்.”

அன்றிரவு தாத்தாவிடம் மன்னிப்புக் கேட்டேன். பூட்டினால் மட்டும் போதாது. பூட்டையும் சாவியையும் ஒரே பையில் சுமக்கக்கூடாது என்பதை அன்று உணர்ந்தேன்.