உளப்பாட்டுப் பன்மை

விமர்சனம் என்றால் தள்ளி நின்று பார்ப்பது என்று நம்பி வந்தவன் நான். இந்த நம்பிக்கை படித்த புத்தகங்களிலிருந்து வந்ததா, அச்சகத்தில் புரூஃப் பார்க்கும் தொழிலிலிருந்து வந்ததா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பிறர் எழுதியதில் பிழை தேடிச் சுழித்துக்கொண்டே இருப்பவனுக்கு, நாளாவட்டத்தில், பிறர் பேசுவதற்கும் ஓரத்தில் திருத்தக்குறி போடுகிற பழக்கம் வந்துவிடுகிறது. அப்படி நான் போட்ட ஒரு திருத்தத்தைப் பற்றித்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது. திருத்தம் ஒரே ஒரு சொல்லுக்கு. அந்தச் சொல், ‘நாம்’.

கோவில்பட்டி ஹாக்கி ஊர். அரசின் ஹாக்கி விடுதி இங்கே இருக்கிறது. செயற்கைப் புல்தரை இருக்கிறது. லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி நடக்கும் நாட்களில் கடைக்காரர்கள்கூட மைதானத்துப் பக்கம் ஒரு நடை போய்விட்டு வருவார்கள். இந்த ஊரில், மெயின் ரோட்டை ஒட்டிய ஒரு சலூன் பெஞ்சில் உட்கார்ந்து, ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிற சென்னையின் கால்பந்து அணியைப் பற்றி நாலு பேர் வருஷக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்தோம் என்றால் அது கொஞ்சம் விசித்திரமான விஷயம்தான். ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி ஒருவர், தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர் ஒருவர், பாலிடெக்னிக்கில் படிக்கிற பையன் ஒருவன், நான். சலூன்காரர் கிரிக்கெட் பக்தர். எங்களைப் பொறுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

ஆரம்பித்துவைத்தது அண்ணாச்சி. அவர் வாலிபத்தில் ஆலை அணிக்கு ஹாஃப்-பேக்காக ஹாக்கி ஆடியவர். கால்பந்தை அதுவரை மதித்ததில்லை. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் கிடந்தபோது, சென்னையின் எஃப்.சி. தன் சொந்த ஊர் அரையிறுதியைப் புனேயில் போய் ஆட வேண்டியதாயிற்று. ஆடி 3-0 என்று ஜெயித்தது. பிறகு கோவாவில் இறுதியாட்டம். கடைசி நிமிஷங்களில் 3-2. “ஊரே தண்ணிக்குள்ள கெடக்கு. இவனுக வேத்தூர்ல போயி, கைதட்ட ஆளில்லாம ஜெயிக்கானுக” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அன்றைக்குப் பிடித்தது அவருக்கு.

இந்தியன் சூப்பர் லீக்கின் பருவம் பிற்பாடு பெரும்பாலும் புரட்டாசி, ஐப்பசியில் தொடங்கி மாசி, பங்குனியில் முடிந்தது. கரிசல்காட்டு மானாவாரிக் கணக்கும் ஏறத்தாழ அதுதான். புரட்டாசியில் விதைத்து, ஐப்பசி கார்த்திகை மழையை நம்பி, தை மாசியில் அறுக்கிற மண் இது. எட்டயபுரம் பக்கம் மூன்று ஏக்கர் வைத்திருந்த அண்ணாச்சிக்கு ‘சீசன்’ என்ற சொல் தேவைப்படவில்லை. ‘இந்த வெள்ளாமை’ என்பார். 2018இல் இரண்டாம் முறை கோப்பை வாங்கிய அணி, அடுத்த வெள்ளாமையில் 18 ஆட்டத்தில் 9 புள்ளி எடுத்துக் கடைசி இடத்துக்குப் போயிற்று. அதே வருஷம்தான் மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்து காடு காடாய்ச் சல்லடையாயிற்று. இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னார். அதில் உவமை எதுவும் இல்லை. அவருக்கு இரண்டும் அந்த வருஷத்து நஷ்டம்.

நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த வெள்ளாமையைப் பற்றி, 2019-20. முதல் நாலு ஆட்டத்தில் ஒரு கோல்கூட இல்லை. நவம்பர் 25ஆம் தேதி ஹைதராபாத்தோடு ஆடிய ஐந்தாவது ஆட்டத்தில், முழு நேரமும் முடிந்து கூடுதல் நிமிஷங்களில் மூன்று கோல் விழுந்தது. நாம் ஒன்று, அவர்கள் ஒன்று, மறுபடி நாம் ஒன்று. (‘நாம்’ என்று இப்போது கை தானாக எழுதிவிடுகிறது. அடிக்காமல் விடுகிறேன்.) இருந்தும் ஆறு ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் ஜான் கிரிகரி விலகிவிட்டார். ஸ்காட்லாந்துக்காரரான ஓவன் காயில் வந்தார். உடனே பூத்துவிடவில்லை. பத்து ஆட்டம் முடிந்த நிலையில் 9 புள்ளி, அடித்த கோல் 11. மீதி எட்டு ஆட்டத்தில் 20 புள்ளி, அடித்த கோல் 21. கொச்சியில் போய் 6-3. கொல்கத்தாவில் ஏ.டி.கே.யை 3-1. நாலாவது இடத்தைப் பிடித்து, அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து 6-5 என்று தாண்டி இறுதிக்கு வந்தது. இந்த எண்களையெல்லாம் பையன் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருந்தான்.

எண்களைவிட, அவற்றின்மேல் நடந்த சண்டை எனக்கு இப்போது முக்கியமாகப் படுகிறது. ஜனவரியில் அணி ஜெயிக்க ஆரம்பித்ததும் ஊருலகமே காயிலைக் கொண்டாடியது. கணக்கெழுதுகிறவர், எல்லாம் அதிர்ஷ்டம், கோல் விழுகிற மாதம் விழத்தான் செய்யும் என்றார். அண்ணாச்சி இரண்டையும் ஒப்புக்கொள்ளவில்லை. “வெதச்சவன ஏசாதீங்க. ஆளு பூராவும் கிரிகரி எடுத்த ஆளுதான். வால்ஸ்கிஸ் அவரு எடுத்தவன். கிரிவெல்லாரோ அவரு எடுத்தவன். மழ பிந்திப் பெஞ்சிருக்கு, அம்புட்டுதான்.” அப்படியானால் காயில் என்னதான் செய்தார் என்று பையன் கேட்டான். அண்ணாச்சி சலூன் மேஜையில் சீப்பையும் பவுடர் டப்பாவையும் எடுத்துவைத்தார். “கிரிவெல்லாரோ காலுக்குப் பந்து வரும்போது முன்னால நாலு பேரு நின்னுக்கிட்டிருந்தா அவன் என்ன செய்வான்? இப்பப் பாரு, பந்து வர்றதுக்கு முந்தியே சாங்க்டே ஓடுதான், ஷெம்ப்ரி எறங்கி வாரான். நின்னவன ஓட வச்சதுதான் அவரு பண்ணது. ஹாக்கியிலயும் அதுதாம்லே.” லிதுவேனியாக்காரனும் பிரேஸில்காரனும் மிஸோரம் பையனும் மால்டாக்காரனும் சலூன் மேஜையில் சீப்பாகவும் டப்பாவாகவும் நகர்ந்துகொண்டிருந்தார்கள். ஒரு காரியத்தின் உள் இயக்கத்தைச் சொல்லிக் காட்டுகிற விமர்சனம் எதுவோ அதுதான் அது. புகழையும் விதியையும் ஒதுக்கிவிட்டு, ஆட்டத்துக்குள்ளேயே காரணம் தேடினார் அவர். எழுத்தைப் பற்றி இவ்வளவு தெளிவாகப் பேசியவர்கள் எனக்குத் தெரிந்து குறைவு.

ஆனால் எனக்கு உறுத்தியதெல்லாம் அவருடைய ‘நாம’. “நாம நடுவுல விட்டுட்டோம்.” “நமக்கு இடதுபக்கம் ஆளில்ல.” அந்நியமாதல் பற்றிப் படித்திருந்தேன். ஒரு கம்பெனியின் சொத்தை, நடிகரும் கிரிக்கெட் வீரரும் பங்குதாரராக இருக்கிற ஒன்றை, இவர் எப்படித் தன்னுடையதாக்கிக்கொள்ள முடியும் என்று மனசுக்குள் வாதாடிக்கொண்டிருந்தேன். பெயரே ‘சென்னையின்’ என்று உருபோடு நிற்கிறது. சென்னையின் என்றால் சென்னையின் எது? நிச்சயமாகக் கோவில்பட்டியின் இல்லை. இதை ஒரு நகைச்சுவையாக அங்கே சொல்லவும் சொன்னேன். சிரித்தவர் சலூன்காரர் மட்டும்.

2020 மார்ச் 14, சனிக்கிழமை. கொரோனா காரணமாக, கோவாவில் இறுதியாட்டம் பார்வையாளர் இல்லாமல் நடந்தது. வெறும் நாற்காலிகள். ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவது கேட்டது. அதுவரை நாங்கள் மட்டும்தான் மைதானத்துக்கு வெளியே இருந்து பார்த்தவர்கள் என்ற ஒரு குறை எங்களுக்கு இருந்தது. அன்றைக்கு எல்லோருமே எங்களைப் போல ஆகிவிட்டார்கள். பத்தாவது நிமிஷத்தில் ஏ.டி.கே. ஒரு கோல். இடைவேளை முடிந்து 48இல் இன்னொன்று. 69இல் வால்ஸ்கிஸ் ஒன்று திருப்பினான். பெஞ்சில் நாலு பேரும் எழுந்து நின்றோம், நானும்தான். கடைசியில் இன்னொன்று வாங்கி 3-1. ஒரு மாதத்துக்குள் கணக்கு அப்படியே திரும்பிவிட்டது.

டி.வி.யை நிறுத்திய பிறகு அண்ணாச்சி, “பத்தாவது நிமிஷத்துலயே நாம நடுவ விட்டுக் குடுத்துட்டோம்” என்றார்.

தோற்ற எரிச்சல் எனக்கும் இருந்தது. அதை எரிச்சல் என்று ஒப்புக்கொள்ளாமல் கொள்கையாகப் பேசினேன்.

“அண்ணாச்சி, நாமன்னு சொல்லாதீங்க. அவங்க. ஒப்பந்தம் முடிஞ்சா நாளைக்கே வேற ஊருக்குப் போயிருவாங்க. நீங்க அந்த மைதானத்தக் கண்ணால பாத்ததுகூட இல்ல. உங்களுக்கும் அதுக்கும் என்ன இருக்கு?”

அவர் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “சரி தம்பி. நாங்க தோத்துட்டோம்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பத்து நாளில் ஊரடங்கு வந்தது. சலூன் பூட்டிக் கிடந்தது. பிறகு திறந்தபோது பெஞ்சை எடுத்துவிட்டிருந்தார்கள். அண்ணாச்சி காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திருப்பூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அந்த வருஷமே காயிலும் வால்ஸ்கிஸும் ஜாம்ஷெட்பூருக்குப் போனார்கள். கோப்பை வாங்கிய ஏ.டி.கே. மோகன் பகானோடு இணைந்து, தனி அணியாக இல்லாமல் போயிற்று. நான் சொன்னது ஒவ்வொன்றும் சரியாக நடந்தது. நான் சொன்னபடி நடந்ததில் எனக்கு என்ன கிடைத்தது என்பதைத்தான் கண்டுபிடிக்க முடியவில்லை.

அச்சாகி வந்த பிறகு கண்ணில் படுகிற பிழை ஒன்று உண்டு. எத்தனை தடவை பார்த்தாலும் அதுவரை தெரியாது. ஃபாரம் ஓடி முடிந்ததும் முதல் பார்வையிலேயே முறைக்கும். அண்ணாச்சி கடைசியாகச் சொன்ன வாக்கியத்தில் ‘நாங்க’ என்ற சொல் எனக்கு அப்படித்தான் தெரியவந்தது. தமிழில் இரண்டு தன்மைப் பன்மை இருக்கிறது. கேட்கிறவனையும் சேர்த்துக்கொள்வது ‘நாம்’. கேட்கிறவனை விட்டுவிடுவது ‘நாங்கள்’. உளப்பாட்டுப் பன்மை என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். பிழைப்பே சொற்களைப் பார்ப்பதாக இருந்தும், ஐந்து வருஷமாக ஒருவர் என் முகத்தைப் பார்த்து ‘நாம’ என்று சொன்னபோது, அந்தச் சொல் அவரையும் அணியையும் முடிச்சுப்போடுகிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அணிக்கு அதில் என்ன வேலை? அணி அவர் சொன்னதைக் கேட்கவில்லை. கேட்டவன் நான். அந்த ‘நாம்’ அவருக்கும் எனக்கும் நடுவே கிடந்த சொல். அதை எடுத்துவிடச் சொன்னேன், எடுத்துவிட்டார்.

2022இல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை ஹாக்கியில் இந்தியா வெண்கலம் வாங்கியபோது, அணியில் இருந்த மாரீஸ்வரன் சக்திவேல் இந்த ஊர்க்காரர். கார்த்தி செல்வம் அரியலூர்க்காரர். இங்கே விடுதியில் தங்கிப் பழகியவர். ஊர் முழுக்க இரண்டு பேரையும் ‘நம்ம பையன்’ என்றது. நானும் டீக்கடையில் சொன்னேன். அரியலூர்ப் பையனோடு எனக்கு ஒரு வார்த்தை பேச்சுக்கூடக் கிடையாது. ‘ஆமா, நம்ம பையன்’ என்று பக்கத்தில் டீ குடித்தவர் சொன்னார். யாரென்று தெரியாத அவர்தான் அந்தக் கணத்தில் எனக்கு உறவாகத் தோன்றினார். நேரில் பார்த்திராத ஒரு கவியை ‘நம்முடைய கவி’ என்று இந்தப் பக்கங்களில் நாம் எழுதுவதும் வேறு தினுசான காரியம் இல்லை. கவிக்கு அதனால் ஆவதொன்றுமில்லை. இன்னும் யாரோ வாசிக்கிறான் என்ற நம்பிக்கையில் அவனையும் சேர்த்துக்கொள்கிறோம், அவ்வளவே. விமர்சனத்துக்குத் தூரம் வேண்டும் என்பதை இப்போதும் நான் மறுக்கவில்லை. ஆட்டத்துக்கும் நமக்கும் இடையே வேண்டிய தூரத்தை, பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிறவனுக்கும் நமக்கும் இடையே வைத்துவிடக் கூடாது. அண்ணாச்சிக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருந்தது. எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

2025 ஜூலையில், ஒப்பந்தச் சிக்கலால் அடுத்த பருவத்தை நிறுத்திவைத்திருப்பதாக லீக் நடத்துகிறவர்கள் அறிவித்தார்கள். இரண்டு நாள் கழித்து, புரூஃபுக்கு நடுவில், திருப்பூரிலிருந்து ஃபோன். இடையில் இரண்டு தடவை பேசியிருக்கிறோம். ஒரு கல்யாணம், ஒரு சாவு. நலம் விசாரித்து வைத்துவிடுகிற பேச்சு. இந்தத் தடவை நலம்கூடக் கேட்கவில்லை.

“தம்பி, இந்த வெள்ளாமை நமக்குக் கெடையாதாமே?”

கையில் இருந்த சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தேன். “ஆமா அண்ணாச்சி. நமக்கு இல்லைங்காங்க” என்றேன்.

“கெடந்துட்டுப் போகுது. தரிசாப் போட்ட வருஷமும் உண்டு” என்றார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “அந்த கோவா ஆட்டத்துல எடவேள முடிஞ்சு மூணாவது நிமிஷம் ரெண்டாவது கோல் வாங்கினோம் பாத்தியளா, அது கோல்கீப்பர் தப்பில்ல, கேட்டியளா...” என்று ஆரம்பித்தார். மேஜையில் எனக்குச் சீப்பு இல்லை. ரப்பரையும் பேனாவையும் வைத்து அவர் சொன்னபடி நகர்த்திப் பார்த்தேன். அவர் சொன்னதில் எனக்குச் சம்மதம் இல்லை. அதைச் சொன்னேன். முக்கால் மணி நேரம் பேசினோம்.