சுட்டி கற்பித்த பாடம்

தமிழாசிரியனுக்குக் கணிதத்தில் என்ன வேலை என்று அன்பர்கள் வினவக்கூடும். சில ஆண்டுகளுக்கு முன்னர், கணித ஆசிரியர் விடுப்பிலிருந்த நாளொன்றில், ஒன்பதாம் வகுப்பைக் கவனிக்கும் பொறுப்பு எம்மிடம் வந்தது. கரும்பலகையில் முதல்நாட் பாடம் அழியாதிருந்தது: சுட்டிகள்.

“2³ எவ்வளவு?” என்று வினவினோம். “ஆறு” என்றான் முன்வாங்கு மாணவன் ஒருவன். வகுப்புச் சிரித்தது. எமக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் வயதில், வேறொரு பள்ளியில், அதே விடையைக் கூறி வாங்கின்மேல் நின்றதுண்டு நாம். தவறென்றார்களேயன்றி, ஏன் தவறென்று எவரும் சொன்னாரல்லர்.

இலக்கணம் துணைக்கு வந்தது. “அச்சத்தில் ‘பாம்பு, பாம்பு, பாம்பு’ என ஒரு சொல்லையே அடுக்குகிறோம். அதுபோல 2 × 2 × 2 என ஓரெண்ணையே பெருக்கலில் அடுக்கினால் எட்டு. அடுக்கப்படும் எண் அடி. எத்தனை முறை என்று சுட்டுவது சுட்டி. சொல் நான்குக்கு மேல் அடுக்காது என நன்னூலார் எல்லை வகுத்தார், எண்ணுக்கு அவ்வெல்லை இல்லை” என்றோம். எண்ணின் தோளிற் சிற்றெண் இடும் இக்குறியீட்டைத் தெக்காட்டு என்னும் பிரெஞ்சு அறிஞர் 1637 இல் தம் கேத்திரகணித நூலிற் கையாண்டமையையும் கூறினோம். 2³ × 2⁴ என்பதில் மூன்று இரண்டுகளும் நான்கு இரண்டுகளும் சேர்ந்து ஏழாதலின் 2⁷, அதாவது 128. சுட்டிகளைக் கூட்டும் விதி பிறந்தவாறு மாணவர்க்கு விளங்கிற்று.

அப்பொழுது அதே மாணவன் எழுந்தான். “ஐயா, 2⁰ ஒன்று என்று பலகையில் இருக்கிறது. ஒருமுறையும் அடுக்காவிட்டால் பூச்சியம் அல்லவா வரவேண்டும்?”

திகைத்தோம். அவ்விதியை மனனஞ் செய்தே பரீட்சையைக் கடந்தோம் நாம். பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழும் அவ்விடத்து உதவவில்லை. “எனக்குத் தெரியாது, தம்பி. நாளைக்குச் சொல்கிறேன்” என்றோம். இம்முறை வகுப்புச் சிரிக்கவில்லை.

அன்று மாலை கணித ஆசிரியரின் இல்லஞ் சென்றோம். அவர் ஒரு தாளில் 16, 8, 4, 2 என எழுதினார். “சுட்டி 4, 3, 2, 1 என ஒவ்வொன்றாய்க் குறையப் பெறுமானம் பாதி பாதியாகிறது. அடுத்த படி?” என்றார். “ஒன்று” என்றோம். “அதுவே 2⁰. இன்னும் ஒருபடி இறங்கினால் அரை, அது 2⁻¹. வகுத்தும் பார்க்கலாம். 2³ ÷ 2³ இல் சுட்டிகளைக் கழித்தால் 2⁰. எட்டை எட்டால் வகுத்தால் ஒன்று. பூச்சியத்தால் வகுக்க இயலாதாகையால், அதனை அடியாகக் கொண்டால் மட்டும் இது பொருந்தாது.”

மறுநாள் அம்மாணவனையே பலகைக்கு அழைத்து, 16 இலிருந்து பாதியாக்கி வரச் சொன்னோம். இரண்டின்கீழ்ச் சற்றே நின்றான். பின்னர், எவரும் சொல்லாமலே 1 என்று எழுதி, எம்மைத் திரும்பிப் பார்த்தான்.

விழாக்காலத்தில் ஆசிரியர்க்கு நன்றி நவில்வது மரபு. நாமோ அம்மாணவனுக்கு நன்றி நவில்கின்றோம். ‘ஏன்?’ என்று எழுந்து வினவும் மாணவர் இக்கல்லூரியில் அடுக்கடுக்காய்ப் பெருகுக!