வேன் கண்ணாடியில் பார்த்த எழுத்து

2009இல் வன்னியை விட்டு வெளியே வந்தபோது என் மகளுக்கு நான்கு வயது. இடுப்பில் ஷெல் துண்டு. அவளுடைய அப்பா எங்களோடு வரவில்லை. முகாமில் இருந்து விட்டதும் வட்டவளையில் பெரியம்மாவின் லயத்துக்கு வந்து சேர்ந்தோம். 1977 கலவரத்துக்குப் பிறகு எங்கள் வீட்டார் கிளிநொச்சிக்குப் போனதும் இதே மலையில் இருந்துதான்.

மகள் ஐந்தாம் வகுப்பு வரை பள்ளிக்கூடம் போனாள். பிறகு வலி கூடியது. வட்டவளை மழையில், வழுக்கும் தோட்டப் பாதையில் இரண்டு மைல் நடக்க அவளால் முடியவில்லை. பக்கத்துக் காம்பராப் பிள்ளையின் புத்தகங்களை வாங்கி வீட்டிலேயே படித்தாள். நான் எட்டாம் வகுப்புத்தான். சொல்லிக் கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன்.

ஒருநாள் கிளினிக்குக்கு வேன் பிடித்துப் போனோம். கண்ணாடியில் ஒட்டியிருந்த எழுத்தையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். யப்பானில் இருந்து வந்த வேன் என்றார் டிரைவர். அதைப் பார்த்துக் கொப்பியில் கீறிக்கொண்டு வந்தாள். பிறகு பெரியம்மா மகனின் போனில் யப்பானிய மொழி பழகத் தொடங்கினாள்.

எனக்குக் கோபம் வந்தது. “முகாமில் கையெழுத்து வைக்கச் சொன்ன சிங்களத் தாள்களில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. முதலில் அதைப் படி. யப்பான் நமக்கு என்னத்துக்கு?” என்று ஏசினேன். அவள் கொப்பியை ஒளித்து வைத்தாள். என்னோடு பேச்சும் குறைந்தது.

சில நாள் கழித்து, இரவில் போர்வைக்குள் முணுமுணுப்புக் கேட்டது. “க, ச, த, ந...”

“என்ன பாப்பா, அரிச்சுவடியா?”

“இல்லம்மா, யப்பான் எழுத்து.”

எழுந்து உட்கார்ந்து முழுவதும் சொல்லச் சொன்னேன். அ, இ, உ, எ, ஒ. பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. அந்த ஹ முற்காலத்தில் ப போல ஒலித்ததாம். இந்திய எழுத்துகளின் ஒழுங்கைப் பௌத்த துறவிகள் அங்கே கொண்டு போனார்கள் என்று பிறகு அறிந்தோம். அடிப்படை எழுத்துகள் 46. வரிசை எனக்குத் தெரிந்த வரிசைதான்!

அன்றிலிருந்து கொழுந்து நிறுத்துவிட்டு வந்ததும் அரை மணித்தியாலம் அவள் ஆசிரியை, நான் மாணவி. “வத்தஷி வா ஒச்சா ஓ நொமிமஸ்” என்றால் நான் தேநீரைக் குடிக்கிறேன். நம் பேச்சைப் போலவே வினைச்சொல் கடைசியில் வரும். தேநீருக்கு அவர்கள் சொல்லும் ‘சா’வும் நம் தேயிலையில் உள்ள ‘தே’யும் சீனாவின் இரு வேறு பகுதிகளின் சொற்கள். தேயிலைத் தோட்டத்தில் பிறந்த எனக்கு இதை மகள்தான் சொன்னாள்.

கொழும்பில் டிசம்பரில் யப்பானிய மொழித் தேர்ச்சிப் பரீட்சை நடக்கும். ஆரம்பப் படி என்5. மொத்தம் 180 புள்ளியில் 80 வேண்டும், அதில் கேட்டல் பகுதிக்கு 19 ஆவது வேண்டும். தகரத்தில் மழை அடிக்கும்போது கேட்டல் பயிற்சி எப்படி நடக்கும்? முதல் முறை அதில்தான் விழுந்தாள். அடுத்த முறை சித்தியடைந்தாள்.

சகோதரிகளே, 2016 முதல் 5 வயதில் இருந்து 16 வயது வரை பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டாயம். இயலாத பிள்ளையை வீட்டில் வைத்திருந்தால் வலயக் கல்விப் பணிமனையில் முறைசாராக் கல்விக்குப் பொறுப்பானவரிடம் நிலைமையைச் சொல்லுங்கள். சாதாரண தரத்தைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகவும் எழுதலாம். உயர்தரத்தில் யப்பானிய மொழி, பிரெஞ்சு, ஜெர்மன், ஹிந்தி எல்லாம் பாடங்களாக உண்டு. பிள்ளை விரும்பும் மொழி உங்களுக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. தினமும் பக்கத்தில் இருந்து கேளுங்கள். வெளிநாட்டுக்கு அனுப்பத்தான் படிப்பு என்று மட்டும் நினைக்காதீர்கள்.

நான் ஏசிய சிங்களத்தையும் அவள் விடவில்லை. “46 எழுத்துப் பழகின எனக்கு இது முடியாதாம்மா?” என்று தானே தொடங்கினாள். போன வருடம் ஓர் அலுவலகத்தில் சிங்களப் படிவம் ஒன்றைத் தந்தார்கள். மகள் வரி வரியாக வாசித்துச் சொன்னாள். எதில் கையெழுத்து வைக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்து வைத்தேன்.