வல்லநாட்டு வெளிமான்கள்

மான் வேட்டைக்குத் திட்டமிடும் கோவில்பட்டி அன்பர்களே! உணவுக்காக வேட்டையாடுதல் ஹலால்தான். அதுவே இஹ்ராமில் ஹராமாகிவிடுவதை அல்மாயிதா அத்தியாயத்தில் ஓதுகிறோம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமோ வெளிமானை முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது. மீறினால் குறைந்தது 3 ஆண்டுச் சிறை. எட்டயபுரம் ஆட்டுச் சந்தை பக்கத்திலிருக்க, கறிக்கு என்ன பஞ்சம்?

துப்பாக்கி வேண்டாம், தொலைநோக்கி போதும். சுபுஹு தொழுத கையோடு புறப்படுங்கள். கரிசல் காடுகளைக் கடந்து திருநெல்வேலி சென்று, தூத்துக்குடிச் சாலையில் கிழக்கே திரும்பினால் வல்லநாட்டுக் குன்று தெரியும். 1987இல் சரணாலயமான அம்முட்புதர்க் காட்டின் பரப்பு 1,641 ஹெக்டேர். இந்தியாவில் வெளிமான் இயற்கையாக வாழும் தென்கோடி இடம் இதுவே. வனத்துறையின் அனுமதியை முன்னரே பெறுங்கள்; குடிநீரும் எடுத்துச் செல்லுங்கள். முறுக்கிய கொம்பும் கருமேனியும் உடையது கலைமான்; கொம்பின்றிப் பழுப்பாய் நிற்பது பிணை. பிள்ளைகளைச் சத்தமிடாதிருக்கச் சொல்லுங்கள். சிறு சலசலப்புக்கே கூட்டம் துள்ளி மறைந்துவிடும்.