ஓதம் பார்த்துக் கிளம்பிய படகுகள்

மயிலாப்பூரில் விறகடுப்பு எரிந்த காலத்தில் இருந்தவரா நீங்கள்? அப்படியானால் லஸ் பக்கத்துப் பாலத்துக்குக் கீழே, பக்கிங்காம் கால்வாயில் வந்து ஒதுங்கிய படகுகள் உங்களுக்கும் நினைவிருக்கும். அடி தட்டையாக, நடுவில் ஓலைக்கூண்டு போட்டு, ஒடுக்கமாக நீண்டு கிடக்கும். சவுக்குக்கட்டை, உப்பு மூட்டை, சுண்ணாம்புக் கிளிஞ்சல் எல்லாம் அதில்தான் வரும். எங்கள் மாமா கரையோரம் விறகுத்தொட்டி வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டால் நான் அங்கேதான். பச்சைச் சவுக்கின் வாசனை, சேற்று வாடை, படகின் அடியில் பூசிய தார் வெயிலில் இளகும் நெடி மூன்றும் கலந்ததுதான் எனக்குக் கால்வாய். இன்றும் எங்கேயாவது தார் நெடி அடித்தால் மனசு மற்ற இரண்டையும் தேடும்.

விறகு இரண்டு திக்கிலிருந்து வரும். தெற்கே கடலோரச் சவுக்குத் தோப்புகள். வடக்கே பழவேற்காட்டு ஏரியைத் தாண்டி ஸ்ரீஹரிகோட்டாக் காடு. ராக்கெட் விடுவதற்கு முன்னால் அந்தத் தீவு பட்டணத்து அடுப்புகளுக்கு எரிபொருள் கொடுத்துக்கொண்டிருந்தது. வடக்குப் படகுக்காரர்கள் பாதி தெலுங்கும் பாதி தமிழுமாகப் பேசுவார்கள். அவர்களில் ஒரு கிழவர் உண்டு. அவரை எல்லோரும் தாத்தா என்றே கூப்பிடுவோம். இரண்டு மொழிக்கும் அது பொது என்பதால் யாருக்கும் சிரமமில்லை. கரையேறியதும் முதலில் மாமாவிடம் வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொள்வார். அதற்கப்புறம்தான் கட்டை எண்ணிக்கை, கூலி, ஊர்ச் சேதி எல்லாம்.

கோடை விடுமுறையில், தெற்கே காலியாகப் போகும் தாத்தாவின் படகில் மாமா என்னை ஏற்றிவிடுவார். "தம்பி, கழிக்கு எதிரே மட்டும் நிக்காதே" என்று தாத்தா சொல்வார். அது ஏன் என்று படகில் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கழி என்றால் நல்ல முற்றின மூங்கில். படகோட்டி முன்பக்கம் நின்று அதைச் சேற்றில் ஊன்றுவார். மேல்முனையைத் தோள்குழியில் பொருத்திக்கொள்வார். பிறகு உடம்பையே சாய்த்து, படகின் ஓரப் பலகையில் அடிமேல் அடி வைத்துப் பின்பக்கம் வரை நடப்பார். அவர் பின்னால் நடக்க நடக்கப் படகு முன்னால் போகும். கடைசி அடியில் கழியை ஒரு சுண்டு சுண்டிச் சேற்றிலிருந்து பிடுங்கி, தண்ணீர் சொட்டச் சொட்டத் தூக்கிக்கொண்டு மறுபடி முன்னுக்கு வருவார். இப்படியே மந்தைவெளி தாண்டி அடையாறு வரைக்கும். அவர் தோளில் அந்த இடம் மட்டும் காய்த்துக் கறுத்திருக்கும். நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். செருப்புத் தோல் மாதிரி இருந்தது.

அடையாற்று லாக்கில் காத்திருக்க வேண்டும். கடல் ஓதம் ஏறினால்தான் ஆற்றைத் தாண்டலாம். யாரிடமும் கடிகாரம் இல்லை. கரைக் கல்லில் ஈரம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்தே நேரம் சொல்வார்கள். பின்கதவை மூடி, முன்கதவைச் சிறிது சிறிதாக விடும்போது படகு தானாக ஆடி ஆடி ஆற்று மட்டத்துக்கு வரும். அந்தச் சில நிமிஷம் யாரும் பேச மாட்டார்கள். கதவிடுக்கில் தண்ணீர் பீறிடும் ஓசைதான் கேட்கும்.

ஆற்றைத் தாண்டிவிட்டால் பட்டணம் முடிந்தது. திருவான்மியூர், பெருங்குடி, காரப்பாக்கம் எல்லாம் அப்போது இருட்டில் ஓரிரு விளக்குகள். படகின் முன்னால் அரிக்கேன் விளக்கைத் தொங்கவிட்டு, பின்னால் மண் அடுப்பு மூட்டுவார்கள். கால்வாய்த் தண்ணீர் உப்பு என்பதால் நல்ல தண்ணீர் பானை தனியாக இருக்கும். அதிலிருந்து அளந்துதான் மொள்ள வேண்டும். சோறும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும். வீட்டில் கருவாடு நுழையாத குடும்பத்துப் பையன் நான். எனக்கென்று அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றைப் பாதி தாத்தாவுக்குக் கொடுத்துவிடுவேன். கரையில் தாழம்புதர் வரும் இடம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னமே மூக்குக்குத் தெரியும். முட்டுக்காடு நெருங்கினால் விளக்கு வெளிச்சத்துக்கு மடவை மீன் துள்ளும். சமயத்தில் ஒன்றிரண்டு படகுக்குள்ளேயே வந்து விழும். விடியும்போது கோவளத்து உப்பங்கழி வெள்ளையாக விரிந்து கிடக்கும். கேளம்பாக்கத்து உப்பளங்களில் அதற்குள் ஆட்கள் இறங்கியிருப்பார்கள்.

காற்று வாய்த்தால் பாய் விரிப்பார்கள். காற்றும் ஓதமும் கைவிட்டால் கயிறுதான். தேங்காய்நார்க் கயிற்றின் ஒரு நுனியைப் பாய்மரத்தில் கட்டி, மறுநுனியைத் தோளில் மாட்டிக்கொண்டு கரையோடு நடந்து படகை இழுப்பார்கள். நான் மேலே கூண்டு நிழலில் உட்கார்ந்திருப்பேன். 1934-ல் பாரதிதாசன் நண்பர்களோடு இதே வழியாகப் படகில் மாமல்லபுரம் போய்வந்து 'மாவலிபுரச் செலவு' பாடினார். நிலவையும் நீரையும் மட்டும் பார்த்துவிட்டு வராமல், கயிறு இழுத்த அந்த ஆட்களையும் பார்த்து அவர் எழுதினாரே, அதற்காகவே அந்தப் பாட்டு எனக்கு வேண்டியதாயிற்று. இந்தக் கால்வாயே அப்படிப்பட்ட உடம்புகளால் ஆனது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் 8 கிலோமீட்டர், தாது வருஷப் பஞ்சத்தில் பசித்து வந்தவர்கள் 1877, 78-ல் வெட்டியது. பெயர் மட்டும் கவர்னருக்குப் போயிற்று. எங்கள் பாட்டி கடைசிவரைக்கும் 'கஞ்சிக்கு வெட்டின வாய்க்கால்' என்றுதான் சொல்லுவாள்.

பங்குனியில் அறுபத்து மூவர் பார்க்கக் கடலோரக் கிராமத்துச் சனங்கள் குழந்தை குட்டிகளோடு படகில் வந்து இறங்குவார்கள். வைகாசியில் நுங்கு. ஐப்பசி பிறந்தால் தண்ணீர் நிறம் மாறும். படகுகளை நெருக்கமாகக் கட்டிப்போட்டுவிட்டு, படகுக்காரர்கள் மாமாவின் தொட்டிக் கொட்டகையில் படுத்துக்கொள்வார்கள். மழை ஓலையில் அடிக்க அடிக்க, தாத்தா தெலுங்கில் இழுத்து இழுத்து ஏதோ பாடுவார். அர்த்தம் தெரியாமலே எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் அந்த ராகம் பாடம்.

1965, 66 புயல்களுக்குப் பிறகு எல்லாம் குறைந்தது. முகத்துவாரங்களில் மணல் மூடிக்கொண்டது, கரை சரிந்தது. லாரி வந்தது, மண்ணெண்ணெய் வந்தது, அப்புறம் கேஸ். ஓதத்துக்குக் காத்திருக்க யாருக்கும் பொழுதில்லை. 1976 புயல் மிச்சத்தையும் முடித்தது. அதற்கு முன்பே தாத்தா வருவது நின்றுபோயிருந்தது. அவர் ஊர்ப் படகுக்காரர்கள் சிலர் பட்டணத்திலேயே மூட்டை தூக்கத் தங்கிவிட்டார்கள். மாமா தொட்டியைக் கைமாற்றினார். தராசை மட்டும் கொஞ்ச நாள் வீட்டுத் திண்ணையில் வைத்திருந்தார்.

பிறகு சாக்கடையைத் திருப்பிவிட்டார்கள். பிறகு தூண் நட்டார்கள். 1997-ல் திருமயிலைக்குப் பறக்கும் ரயில் வந்தபோது ஊரே சந்தோஷப்பட்டது. வேலைக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய உபகாரம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நகருக்குள் 25 மீட்டர் அகலம் இருந்த நீர்வழி, சில இடங்களில் 10 மீட்டருக்கும் கீழே சுருங்கிவிட்டது. 2008-ல் இதையே தேசிய நீர்வழி என்று அறிவித்தார்கள். அவ்வப்போது தூர்வாரும் இயந்திரம் வருகிறது. பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நானும் நின்று பார்க்கிறேன். கருப்புச் சேறும் பிளாஸ்டிக்கும் மலையாக மேலே வருகின்றன. அள்ளட்டும், தண்ணீர் தெளிந்தாலும் தெளியும். ஆனால் தாத்தா கழியை ஊன்றிப் படகைத் தெற்கு முகமாகத் திருப்புவாரே, அந்த இடத்தில் இப்போது தூண் நிற்கிறது. அவ்வளவு நீளப் படகு இனி அங்கே திரும்ப முடியாது.