கையில் பித்தளை, காலில் நெருப்பு

லண்டனிலிருந்து மேற்கே போகும் ரயில் பாதையில் டிட்காட் ஒரு முக்கியச் சந்திப்பு. பல ஆண்டுகள் அந்த ஊருக்கு அடையாளமாக நின்றவை அனல்மின் நிலையத்தின் ஆறு ராட்சதக் குளிர்விப்புக் கோபுரங்கள். 2014இல் மூன்று, 2019இல் மூன்று என வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். ஆனால் சில கிலோமீட்டர் தள்ளி, லாங் விட்டன்ஹாம் என்ற கிராமத்தில், அதற்கெல்லாம் முந்தைய இங்கிலாந்து பத்திரமாக இருக்கிறது, 76இல் ஒரு பங்கு அளவில்.

பெண்டன் மியூசியம் என்ற அந்த இடத்தை 1954இல் தொடங்கியவர் ராய் இங்லண்ட். பெயர்தான் அப்படி, ஆள் ஆஸ்திரேலியர். 1925இல் வந்து சேர்ந்தவர், ஒயிட் ஹார்ஸ் பள்ளத்தாக்கில் கூரை வேய்ந்த பழைய வீடுகள் மறைந்துகொண்டிருப்பதைக் கண்டார். காப்பாற்ற முடியாதவற்றை மாதிரியாகவாவது செய்துவைப்பது என்று முடிவெடுத்தார். 1995இல் அவர் இறந்த பிறகும் தொண்டர்கள் அந்தப் பணியைத் தொடர்கிறார்கள்.

வீடுகளுக்கு அட்டை போதும். எஞ்சின்களுக்கு உலோகம் வேண்டும். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் காசில் ரக எஞ்சின் நிஜத்தில் கிட்டத்தட்ட 20 மீட்டர் நீளம். இந்த அளவில் 26 சென்டிமீட்டர். அதற்குள் படி, கைப்பிடிக் கம்பி, குழாய் எல்லாம் அடங்க வேண்டும்.

பார்த்துவிட்டு வீடு திரும்புகிறவர்களுக்குக் கை பரபரக்கும். பிரிட்டனில் அமிலத்தால் அரித்தெடுத்த பித்தளைத் தகட்டுப் பாகங்கள் பெட்டியில் போட்டு விற்பனைக்குக் கிடைக்கின்றன. வாங்குவது சுலபம். பற்றவைப்பதில்தான் வில்லங்கம். பித்தளை வெப்பத்தை எஃகைவிட இரு மடங்கு வேகமாகக் கடத்தும். சால்டரிங் அயர்னை ஒரு மூலையில் வைத்தால் தகடு முழுவதும் சூடாகிறது. வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்று சுமார் 190 டிகிரியில் உருகும். புதிய பாகம் ஒட்டுவதற்குள், நேற்று ஒட்டியது கழன்று விழுந்துவிடும்.

நம் ஊர்ப் பொற்கொல்லர் பொடி வைத்து ஊதும்போது, எந்த இடத்தில் எவ்வளவு சூடு என்பதை மூச்சால் தீர்மானிக்கிறார். ரெசிஸ்டன்ஸ் சால்டரிங்கில் அந்த வேலை காலுக்கு. ஒரு டிரான்ஸ்ஃபார்மர் சில வோல்ட் அழுத்தத்தில் பல ஆம்பியர் மின்சாரத்தைத் தருகிறது. ஒரு கம்பி பித்தளையைக் கவ்விக்கொள்ளும். இன்னொன்றின் முனையில் கார்பன் குச்சி. அது தொடும் புள்ளியில் மின்தடை அதிகம், எனவே சூடு அங்கேதான் பிறக்கிறது. ஓரிரு விநாடியில் பற்று உருகிவிடுவதால், பக்கத்து இணைப்புக்குச் சூடு பரவ நேரமில்லை.

கற்றுக்கொள்ள வேண்டியது ஓர் ஒழுங்கு. இரண்டு பக்கத்தையும் பளபளவெனத் தேய்த்து, மெல்லிய ஈயப் பூச்சு கொடுத்து, ஃப்ளக்ஸ் தடவிப் பொருத்த வேண்டும். முதலில் குச்சி தொட வேண்டும். பிறகே கால் சுவிட்சை அமுக்க வேண்டும். பற்று மின்னலாய் ஓடியதும் காலை எடுக்க வேண்டும். கையை மட்டும் எடுக்கக் கூடாது. பற்று இறுகும்வரை பாகத்தை அமுக்கிப் பிடித்திருப்பதும் அதே குச்சிதான். மின்சாரம் ஓடும்போது கை தூக்கினால் பொறி பறந்து பித்தளையில் குழி விழும். மெல்லிய கம்பிக்கு மின்சாரத்தைக் குறைக்காவிட்டால் கம்பியே உருகும்.

வேலை முடிந்ததும் ஃப்ளக்ஸைக் கழுவிவிட வேண்டும், இல்லையேல் பச்சைக் களிம்பு பூக்கும். ஜன்னல் திறந்திருக்கட்டும். ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பாட்டில் வைக்கக் கூடாது.

பழகுவதற்குத் தனியாகச் செலவில்லை. பாகங்களை வெட்டியெடுத்த பின் மிஞ்சும் சட்டத் தகடே போதும். துண்டுக்குப் பக்கத்தில் துண்டு ஒட்டிப் பார்க்கலாம். பத்தாவது ஒட்டும்போது முதல் துண்டு அசையாமல் இருந்தால் எஞ்சினில் கை வைக்கலாம். புதியதைச் சேர்க்கும்போது பழையது கழலக் கூடாது. ஒயிட் ஹார்ஸ் பள்ளத்தாக்கில் ராய் இங்லண்ட் கவலைப்பட்டதும் அதற்காகத்தான்.